உண்பதும் அனுப்பப்படுவதும்: லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஆன்ம உணவும் இறையழைத்தலும்

கிறிஸ்தவர்களிடையே ஆன்ம உணவைப் பற்றிய பேச்சும் இறையழைத்தலைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் தனித்தனியாகவே நடைபெறுகின்றன. செபம், மறைநூல் வாசிப்பு, நற்கருணை ஆகியவை ஆன்ம உணவு என்றும், குருத்துவம், துறவறம், முழுநேர ஊழியம் ஆகியவை அழைத்தல் என்றும் பிரிக்கப்பட்டுவிட்டதால், முன்னது எல்லா விசுவாசிகளுக்கும் உரியது, பின்னது தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் உடன் வளர்ந்திருக்கிறது. மறைநூல் இவ்விரண்டையும் இப்படிப் பிரிப்பதில்லை. யோவான் நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில், சமாரியாவின் சீக்கார் ஊரருகே யாக்கோபின் கிணற்றடியில் களைத்து அமர்ந்திருக்கும் இயேசுவைச் சீடர்கள் உண்ணும்படி வேண்டும்போது, தம்மை அனுப்பியவரின் திருவுளத்தை நிறைவேற்றுவதே தமக்கு உணவு என்னும் பொருள்பட அவர் விடையளிக்கிறார். அதே நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், திபேரியக் கடற்கரையில் மீனும் அப்பமும் தந்து சீடர்களின் பசியாற்றிய பிறகே மந்தையை மேய்க்கும் பொறுப்பு பேதுருவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில், சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவுக்கு அப்பமும் தண்ணீரும் அளிக்கப்படுவது, ஓரேபு மலைவரை அவர் நடக்கவேண்டிய நெடும்பயணத்தை முன்னிட்டே.

உணவும் அனுப்பப்படுதலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற இந்த மறைநூல் பார்வையை, அன்றாட வாழ்வில் கைக்கொள்ளத்தக்க ஒழுங்காக வகுத்துத் தந்தவர்களுள் லொயோலா இஞ்ஞாசியார் தனித்த இடம் பெறுகிறார். இயேசு சபையை நிறுவியவர் என்றே அவர் பெரிதும் அறியப்பட்டாலும், அச்சபைக்கு முன்பே உருவாகத் தொடங்கி அதன் எல்லைகளைக் கடந்தும் பயன்பட்டுவரும் அவருடைய படைப்பு ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் சிறு நூலாகும். ஓர் ஆன்மாவை உண்மையில் எது ஊட்டி வளர்க்கிறதோ, அதைக் காலப்போக்கில் கவனித்து அறிவதன் வழியாகவே இறைவன் அந்த ஆன்மாவை எங்கே அழைக்கிறார் என்பதையும் அறியலாம் என்பதே அந்நூலின் அடித்தளம். உண்ட உணவு உடலுக்கு ஏற்றதா என்பதை நாவின் இன்பம் மட்டும் சொல்லிவிடாததுபோல, ஆன்மாவுக்கு இனிப்பதெல்லாம் ஆன்மாவுக்கு உணவாகிவிடுவதில்லை என்ற எச்சரிக்கையும் அதே நூலில் அடங்கியிருக்கிறது. இவ்விரு உண்மைகளும் இஞ்ஞாசியாரின் வாழ்வில் எவ்வாறு உருப்பெற்றன என்பதையும், அவர் வகுத்த முறையில் எவ்வாறு இடம்பெற்றன என்பதையும், தமிழ்க் கடற்கரைவரை எவ்வாறு வந்துசேர்ந்தன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோய்ப்படுக்கையில் கற்ற முதற்பாடம்

1491-ஆம் ஆண்டு பாஸ்க் நாட்டின் அஸ்பெய்த்தியா ஊரைச் சார்ந்த லொயோலா மாளிகையில் பிறந்த இனிகோ, அதாவது பின்னாளைய இஞ்ஞாசியார், அரச அலுவலர் ஒருவரின் இல்லத்தில் அரண்மனைப் பழக்கவழக்கங்களோடு வளர்ந்து, வீரப் புகழையும் உயர்குலப் பெண்களின் மதிப்பையும் நாடிய இளைஞராக இருந்தார். 1521-ஆம் ஆண்டு மே 20 அன்று பாம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் நொறுங்கியது. லொயோலாவுக்குத் தூக்கிவரப்பட்டு, சரியாகப் பொருந்தாத எலும்பு மீண்டும் பிரித்துச் சேர்க்கப்பட்ட பிறகும் முழங்காலின் கீழ் எலும்பு ஒன்று துருத்திக்கொண்டு நின்றதால், காலை இறுகப் பிடிக்கும் காலணி அணிய முடியாதே என்ற கவலையில், மயக்கமருந்து இல்லாத அக்காலத்தில் அதை அறுத்தெடுக்கவும் அவர் இசைந்தார். தோற்றத்தின்மீது அவர் கொண்டிருந்த பற்று அத்தகையது.

நீண்ட படுக்கை வாழ்வில் பொழுதுபோக்க அவர் கேட்ட வீரக் காதல் கதைகள் அம்மாளிகையில் இல்லை. கிடைத்தவை சாக்சனி லுடோல்ஃப் எழுதிய ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ என்னும் நூலின் காஸ்தீலிய மொழிபெயர்ப்பும், ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ எனப்பட்ட புனிதர் வரலாறுகளும் மட்டுமே. அவற்றை வாசிக்கும் இடைவேளைகளில் அவருடைய கற்பனை இரு திசைகளில் ஓடியது. ஒருபுறம், உயர்குலப் பெண் ஒருத்திக்காகத் தாம் செய்யப்போகும் அருஞ்செயல்களை எண்ணி மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்தார்; மறுபுறம், புனித பிரான்சிஸும் புனித தோமினிக்கும் செய்தவற்றைத் தாமும் செய்தால் என்ன என்றும், எருசலேமுக்கு வெறுங்காலோடு நடந்தால் என்ன என்றும் எண்ணிப்பார்த்தார். இரண்டு எண்ணங்களும் நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதலாவது எண்ணம் நீங்கிய பிறகு மனம் வறண்டு நிறைவின்றிக் கிடந்ததையும், இரண்டாவது நீங்கிய பிறகும் மகிழ்ச்சி தங்கி நின்றதையும் ஒருநாள் அவர் கவனித்து வியந்தார்.

இஞ்ஞாசியார் 1553-க்கும் 1555-க்கும் இடையில் லூயிஸ் கொன்சால்வெஸ் த காமராவிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த தன்வரலாற்றில், தம்மைப் ‘பயணி’ என்றே படர்க்கையில் குறிப்பிட்டுக்கொண்டு, இறைவனைச் சார்ந்தவற்றைப் பற்றிய தம்முடைய முதல் சிந்தனை இதுவே என்று பதிவு செய்கிறார். இந்நிகழ்வில் வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. ஓர் எண்ணம் மனத்தில் நிற்கும் நேரத்தின் இன்பத்தைவிட, அது அகன்றபின் மனம் ஊட்டம் பெற்றிருக்கிறதா, பசித்திருக்கிறதா என்பதே அதன் ஊற்றை அறியும் அளவுகோல் என்ற கண்டுபிடிப்பே இங்கு நிகழ்ந்தது. இறையழைத்தலைக் காதால் கேட்கும் செய்தியாக அல்லாமல், உண்டபின் உடலில் தங்கும் வலிமையைப் போன்று அறியப்படும் ஒன்றாக அவர் புரிந்துகொள்ளத் தொடங்கியது இந்தப் படுக்கையில்தான்.

மன்ரேசா: பட்டினியும் பயிற்சியும்

உடல் தேறிய இனிகோ 1522 மார்ச்சில் மொன்செராத் மலையின் மாதா திருத்தலத்தை அடைந்து, தம் உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, வாளையும் குறுவாளையும் பலிபீடத்தின் முன் விட்டு இரவு முழுவதும் விழித்திருந்தார். அங்கிருந்து சில நாள் தங்குவதற்காகச் சென்ற மன்ரேசா என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 11 மாதங்கள் தங்கிவிட்டார். தம் முந்தைய பெருமையை வெல்லவேண்டும் என்ற வேகத்தில் இறைச்சியைத் துறந்தார், பிச்சையெடுத்து உண்டார், தலைமுடியையும் நகங்களையும் வெட்டாமல் விட்டார், நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார்.

இந்தக் கடுந்தவத்தின் நடுவே அவர் அனுபவித்தது நிறைவு அன்று, பயங்கரமான உள்வறட்சியே. ஏற்கெனவே பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்ட பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற ஐயம் அவரை ஓயாமல் வதைத்து, தற்கொலை எண்ணம்வரை கொண்டுசென்றது. இறைவன் விடுவிக்கும்வரை உண்பதில்லை என்று உறுதிபூண்டு ஒரு வாரம் முழுப் பட்டினி கிடந்தவர், நோன்பை முறிக்குமாறு பாவசங்கீர்த்தனக் குரு கட்டளையிட்டபின் உண்டார். தம்மை வதைத்த அந்த எண்ணம் எவ்வழியில் உள்ளே நுழைந்தது, எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று படிப்படியாக ஆராய்ந்த பிறகு, பழைய பாவங்களை மீண்டும் அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்து விடுதலை பெற்றார். உறங்கச் செல்லும் வேளையில் பெரும் ஆன்ம இன்பங்கள் வந்து உறக்கத்தைக் கெடுப்பதைக் கண்டபோது, இறைவனோடு உரையாடப் பகலில் போதிய நேரம் ஒதுக்கியிருக்க இவை ஏன் இந்நேரத்தில் வரவேண்டும் என்று ஐயுற்று, அவற்றை விட்டுவிட்டு உறங்குவதே மேல் என்று தீர்மானித்ததையும் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

பக்தியின் பெயரால் வரும் துன்பமும் பக்தியின் பெயரால் வரும் இன்பமும் ஒருசேர ஐயத்துக்கு உரியவை என்ற இந்தத் தெளிவு, அவருடைய முறையை வெறும் உணர்ச்சிப் பக்தியிலிருந்தும் வெறும் கடுந்தவத்திலிருந்தும் வேறுபடுத்துகிறது. கார்தொனேர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது, காட்சி எதுவும் காணாமலே, நம்பிக்கை சார்ந்தவற்றையும் கல்வி சார்ந்தவற்றையும் புதிய ஒளியில் புரிந்துகொண்டதாக அவர் கூறும் அனுபவமும் இக்காலத்தைச் சேர்ந்தது. பள்ளியாசிரியர் ஒருவர் சிறுவனை நடத்துவதுபோல இறைவன் தம்மை நடத்தினார் என்று இக்காலத்தைப் பின்னாளில் நினைவுகூர்ந்த அவர், பிறரது ஆன்மாவுக்கு உதவத் தொடங்கியபோது முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார். இறைச்சியையும் மீண்டும் உண்ணலானார்.

பயிற்சிகளின் கட்டமைப்பு

மன்ரேசாவில் எடுத்த குறிப்புகள் வளர்ந்து உருவான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548 ஜூலை 31 அன்று திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்றது. இதைத் தொடர்ந்து வாசித்து இன்புறுவதற்கான நூலாக எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார்; பயிற்சி அளிப்பவருக்கான குறிப்புகளும் விதிகளும் அடங்கிய கையேடே அது. நடப்பதும் ஓடுவதும் உடற்பயிற்சிகளாக இருப்பதுபோல, ஒழுங்கற்ற பற்றுகளை அகற்றி இறைத்திருவுளத்தைத் தேடிக் காண ஆன்மாவை ஆயத்தப்படுத்தும் எந்த முறையும் ஆன்மிகப் பயிற்சியே என்று அது தொடக்கத்திலேயே விளக்குகிறது. ஏறத்தாழ 30 நாள்கள் நான்கு ‘வாரங்களாக’ப் பிரிக்கப்படுகின்றன: பாவத்தையும் இறையிரக்கத்தையும் உணர்வது முதல் வாரம், கிறிஸ்துவின் வாழ்வைத் தியானிப்பது இரண்டாவது, பாடுகள் மூன்றாவது, உயிர்ப்பு நான்காவது. வாரம் என்பது ஏழு நாள் என்ற கணக்கில் அமைவதில்லை. ஒவ்வொருவருக்கும் வேண்டிய பயன் கிட்டும்வரை அது நீளலாம், குறுகலாம்.

ஆன்ம உணவைப் பற்றிய நூலின் மையக் கருத்து அதன் இரண்டாவது முன்குறிப்பில் அமைந்திருக்கிறது. பயிற்சி அளிப்பவர் தியானப்பொருளைச் சுருக்கமாகவே சொல்லி நிறுத்திவிட வேண்டும் என்று கூறும் இஞ்ஞாசியார், மிகுதியாக அறிவது ஆன்மாவை நிறைவுசெய்வதில்லை, அறிந்ததை உள்ளூர உணர்ந்து சுவைப்பதே நிறைவுசெய்கிறது என்று காரணம் தருகிறார். இதனால்தான் ஒரு நாளின் ஐந்து செபவேளைகளில் பெரும்பகுதி புதிய பொருளுக்குச் செலவிடப்படுவதில்லை. ஏற்கெனவே தியானித்தவற்றுள் ஆறுதலோ வறட்சியோ மிகுதியாக உணரப்பட்ட இடங்களுக்கு மீண்டும் திரும்பிவருவதே முறையாகும். நாளின் இறுதித் தியானத்தில் ஐம்புலன்களையும் பயன்படுத்தி நற்செய்திக் காட்சிக்குள் நுழையுமாறும், அங்குள்ளோரைக் காணவும் கேட்கவும், இறைமையின் இனிமையை முகரவும் சுவைக்கவும் பழகுமாறும் நூல் கற்பிக்கிறது.

உடலின் உணவையும் அது மறப்பதில்லை. மூன்றாவது வாரத்தோடு சேர்த்து, உண்பதில் ஒழுங்கைப் பேணுவதற்கான எட்டு விதிகளை இஞ்ஞாசியார் தருகிறார். அப்பத்தைக் குறைப்பதற்குப் பெரிய தேவையில்லை. சுவையுணவிலும் பானத்திலுமே கூடுதல் கவனம் வேண்டும். உண்ணும்போது இயேசு தம் சீடர்களோடு அமர்ந்து உண்பதையும் பேசுவதையும் மனக்கண்ணால் காணவேண்டும். பசியில்லாத வேளையிலேயே அடுத்த உணவின் அளவை முடிவு செய்துகொள்ளவேண்டும். இவற்றின் நோக்கம் உடலை ஒறுப்பது அன்று. எவ்வளவு உண்டால் தான் செய்யவேண்டிய பணிக்குரிய வலிமை கிடைக்கும் என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கண்டறிவதே நோக்கம். தமக்கு ஏற்ற அளவை அனுபவத்தால் அறியும் இந்த முறையே அழைத்தலை அறிவதற்கும் அடிப்படையாகிறது.

ஆறுதலும் வறட்சியும்

உள்ளத்தில் எழும் அசைவுகளை இஞ்ஞாசியார் இரு பெயர்களால் வகைப்படுத்துகிறார். இறைவன்மீது அன்பு பெருகுவதும், நம்பிக்கையும் எதிர்நோக்கும் வளர்வதும், ஆன்மா தன் படைத்தவரில் அமைதி கொள்வதும் ‘ஆறுதல்’; இருளும் கலக்கமும் சூழ்ந்து, கீழானவற்றின்பால் ஈர்ப்பு மிகுந்து, இறைவனிடமிருந்து பிரிந்துவிட்டதைப் போன்ற சோர்வு பிடிப்பது ‘வறட்சி’. பாவத்தை எண்ணி வடிக்கும் கண்ணீரும் இறைவன்பால் இழுத்துச்செல்லுமானால் ஆறுதலே ஆகும். ஆகவே ஆறுதல் என்பதை மகிழ்ச்சியான மனநிலை என்று மட்டும் கொள்வது பிழை. அசைவு எத்திசையில் கொண்டுசெல்கிறது என்பதே கணக்கில் கொள்ளப்படுகிறது.

இவ்விதிகளுள் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, வறட்சிக் காலத்தில் எந்த முடிவையும் மாற்றக்கூடாது, ஆறுதல் காலத்தில் எடுத்த முடிவில் உறுதியாக நிற்கவேண்டும் என்பதாகும். பசித்திருப்பவனின் கண்ணுக்கு எல்லாமே உணவாகத் தோன்றும் என்பதை அறிந்த ஒருவரின் அறிவுரை இது. வறட்சிக்கு மூன்று காரணங்களை நூல் கூறுகிறது: செபத்தில் நாம் காட்டும் அசட்டை, பரிசு ஏதுமின்றி நாம் எவ்வளவு தூரம் செல்வோம் என்ற சோதனை, ஆறுதல் நம் முயற்சியின் விளைவு அன்று, அது முழுக்கவும் அருட்கொடை என்று கற்பிக்கும் இறைத்திட்டம். முதல் காரணம் மனந்திருந்த அழைக்கிறது. மற்ற இரண்டும் பொறுமையைக் கற்பிக்கின்றன. ஆன்ம வறட்சியை அனுபவிக்கும் ஒவ்வொருவரும் பாவத்தில் இருப்பவர் என்று தீர்ப்பிடும் போக்குக்கு இவ்விதியில் இடமில்லை.

இரண்டாவது வாரத்துக்குரிய விதிகள் இன்னும் நுண்மையானவை. ஆன்மிகத்தில் முன்னேறியவரைத் தீய ஆவி வெளிப்படையான தீமையால் கவர்வதில்லை. ஒளியின் தூதராக வேடமிட்டு நல்ல எண்ணத்தோடு நுழைந்து, சிறிது சிறிதாகத் தன் வழிக்குத் திருப்புகிறது. ஆகையால் ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஆராயவேண்டும். மூன்றும் நல்லவையாக இருந்தால் மட்டுமே அது நல்ல ஆவியிடமிருந்து வந்தது. நன்றாகத் தொடங்கி, முன்பிருந்த அமைதியைக் கலைத்து, முன்பு செய்ய எண்ணியதைவிடக் குறைந்த நன்மையில் முடியுமானால், வந்த இனிமை ஏமாற்று என்று கொள்ளவேண்டும்.

இதற்கு அவருடைய வாழ்விலேயே தெளிவான சான்று உண்டு. ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி தேவை என்று கண்டு, 30 வயதைக் கடந்த பிறகு பார்சலோனாவில் ஜெரோனி ஆர்தெவோல் என்ற ஆசிரியரிடம் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கியபோது, மனப்பாடம் செய்ய முற்படும் ஒவ்வொரு வேளையிலும் புதிய ஆன்ம ஒளிகளும் இன்பங்களும் பெருகிவந்து படிப்பைத் தடுத்தன. செபத்திலும் திருப்பலியிலும் வராதவை பாடவேளையில் மட்டும் வருவானேன் என்று எண்ணிய அவர், அவற்றைச் சோதனை என்று கண்டுகொண்டு, ஆசிரியரைச் சாந்தா மரியா தெல் மார் ஆலயத்துக்கு அழைத்துச்சென்று, பார்சலோனாவில் அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகள் ஒரு வகுப்பையும் தவறவிடுவதில்லை என்று வாக்களித்தார். அதன்பின் அச்சோதனை நின்றது. கைவிட்டது செப இன்பத்தை. கைக்கொண்டது வினைச்சொல் அட்டவணையை. எனினும் இறைவன் அழைத்த இடத்தில் கிடைக்கும் உலர்ந்த அப்பமே உணவு, அழைக்காத இடத்தின் விருந்து உணவாகாது என்ற அவருடைய போதனைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

தேர்வும் அதன் மூன்று வேளைகளும்

பயிற்சிகளின் நடுவில் ‘தேர்வு’ என்னும் பகுதி வருகிறது. வாழ்க்கை நிலையையோ வேறொரு முக்கியமான முடிவையோ இறைத்திருவுளத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்வதே இதன் பொருள். இதற்கு முன்தேவையாக நூலின் தொடக்கத்திலேயே வலியுறுத்தப்படும் மனநிலை, நோயைவிட நலத்தையோ வறுமையைவிடச் செல்வத்தையோ இகழ்ச்சியைவிடப் புகழையோ குறுகிய வாழ்வைவிட நீண்ட வாழ்வையோ முன்கூட்டியே விரும்பிவிடாத பற்றின்மையாகும். உணர்ச்சியற்றுப்போவது இதன் பொருள் அன்று. விரும்பியதை இறைவனின் விருப்பம் என்று பெயரிட்டுக்கொள்ளும் இயல்பான தவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் உள்விடுதலையே அது.

நல்ல தேர்வுக்கு உரிய மூன்று வேளைகளை இஞ்ஞாசியார் குறிப்பிடுகிறார். பவுலும் மத்தேயுவும் அழைக்கப்பட்டதைப்போல ஐயத்துக்கே இடமில்லாதபடி இறைவன் மனத்தை ஈர்ப்பது முதலாவது. ஆறுதலும் வறட்சியும் மாறிமாறி வருவதைக் கவனித்துத் தெளிவு பெறுவது இரண்டாவது. உள்ளம் அமைதியாக இருக்கும்போது அறிவைப் பயன்படுத்தி நன்மை தீமைகளை எடைபோடுவது மூன்றாவது. இவ்வேளையில் முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் அறிவுரை கேட்டால் என்ன சொல்வோம் என்றும், சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்றும் எண்ணிப்பார்க்குமாறு நூல் பரிந்துரைக்கிறது. பவுலுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்பதால் தனக்கு அழைத்தலே இல்லை என்று எவரும் முடிவுசெய்யத் தேவையில்லை; அமைதியாக யோசிக்கும் அறிவும் இறைவன் பேசும் வழியே. எவ்வழியில் எடுத்த முடிவையும் செபத்தில் இறைவனிடம் ஒப்படைத்து, அவர் அதை உறுதிப்படுத்துமாறு வேண்டவும் வேண்டும்.

இதே பகுதியில் இஞ்ஞாசியார் விடுக்கும் எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்துவது. ஒழுங்கற்ற பற்றினால் ஒன்றைத் தேர்ந்துகொண்டுவிட்டு, பிறகு அதையே தெய்வ அழைத்தல் என்று பலர் சொல்லிக்கொள்கிறார்கள். இது பிழை என்கிறார் அவர். இறைவன் விடுக்கும் அழைத்தல் எப்போதும் தூயது, பற்றின் கலப்பில்லாதது என்பது அவருடைய வாதம். பயிற்சி அளிப்பவருக்கும் இதையொட்டிய கட்டுப்பாடு உண்டு. துறவறம் மேலானது என்று அவர் கருதினாலும், பயிற்சி பெறுபவரை அதன் பக்கமோ வேறு பக்கமோ தள்ளக்கூடாது. துலாக்கோலின் முள்ளைப்போல நடுவில் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரடியாக உறவாட விட்டுவிட வேண்டும். மக்களைத் தம் பக்கம் சேர்ப்பதில் ஆர்வம் மிகுந்த காலத்தில் ஒரு சபை நிறுவுநர் இதை எழுதியிருப்பது அவருடைய நேர்மைக்குச் சான்று.

மறுக்கப்பட்ட அழைத்தலும் திருத்தப்பட்ட தவமும்

தம் அழைத்தலைப் பற்றி இஞ்ஞாசியார் கொண்ட முதல் உறுதி நிறைவேறவில்லை. 1523 செப்டம்பரில் எருசலேமை அடைந்த அவர், வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்க உறுதிபூண்டிருந்தார். ஆனால் திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர், அவ்வாறு தங்க முற்பட்ட பலர் சிறைபிடிக்கப்பட்டதையும் இறந்ததையும் சுட்டிக்காட்டி, வெளியேற மறுத்தால் திருச்சபையிலிருந்து விலக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்றும் அறிவித்தார். அந்த அதிகாரத்துக்கான ஆவணங்களைக் காட்டவும் கேட்காமல், தாம் அங்கே தங்குவது இறைத்திருவுளம் அன்று என்று ஏற்றுத் திரும்பிய இஞ்ஞாசியார், அடுத்து என்ன செய்வது என்ற கேள்வியோடு கல்வியின் பக்கம் திரும்பினார். 1534 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸின் மொன்மார்த்ர் குன்றில் பீட்டர் ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார் உள்ளிட்ட தோழர்களோடு எடுத்த வாக்குறுதியில் எருசலேம் மீண்டும் இடம்பெற்றாலும், அது இயலாவிட்டால் திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குச் செல்வோம் என்ற மாற்றும் சேர்க்கப்பட்டிருந்தது. வெனிசில் காத்திருந்தும் கப்பல் கிடைக்காமற்போக, அந்த மாற்றே 1540 செப்டம்பர் 27 அன்று ஒப்புதல் பெற்ற இயேசு சபைக்கு வித்தாயிற்று. உள்ளத்தின் ஆறுதல் திசையைக் காட்டியது; வெளியுலகின் தடையும் திருச்சபையின் தீர்ப்பும் இடத்தைக் காட்டின.

தாம் மன்ரேசாவில் செய்த மிகைகளைப் பிறர் செய்யாமல் தடுப்பதிலும் அவர் கருத்தாக இருந்தார். கான்டியாவின் கோமகன் பிரான்சிஸ் போர்ஜாவுக்கு 1548-இல் எழுதிய கடிதத்தில், செபத்துக்கு ஒதுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீதியைக் கல்விக்கும் ஆட்சிப் பொறுப்புக்கும் நல்லுரையாடலுக்கும் செலவிடுமாறும், நோன்பால் வலுவிழந்த வயிற்றுக்கு உணவூட்டி உடலைப் பேணுமாறும் அறிவுறுத்துகிறார். உடலும் ஆன்மாவும் ஒரே இறைவனுக்கு உரியவை, இரண்டைக் குறித்தும் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவர் காட்டும் காரணம். ஒரு கோமகனுக்கு அவருடைய குடிமக்களின் நீதி வழக்குகளும் செபத்துக்கு இணையான இறைபணியே என்று இக்கடிதம் கருதுகிறது.

முத்துக்குளித்துறைவரை வந்த பயிற்சி

இந்தப் பயிற்சியில் உருவானவர்கள் தமிழ் மண்ணை அடைந்ததும் வரலாற்றின் ஒரு பகுதியே. இந்தியாவுக்குச் செல்லவிருந்த தோழர் பொபதீயா நோயுற்றதால், ஒருநாள் அவகாசத்தில் 1540-இல் உரோமையை விட்டுப் புறப்பட்ட சவேரியார் 1542-இல் கோவாவை அடைந்து, அதே ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். உள்ளூர் மக்களின் துணையோடு செபங்களைத் தமிழில் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து ஊர் ஊராகக் கற்பித்த அவர், 1544-இல் ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கே சென்று கற்றோரை நோக்கிக் கூவியழைக்க விரும்புவதாகவும், அவர்கள் ஆன்மிகப் பயிற்சிகளில் ஈடுபட்டு இறைத்திருவுளத்தைத் தம்முள் உணர்ந்தால் தம்மைப் பணிக்கு ஒப்படைப்பார்கள் என்றும் எழுதினார். வேலையாள்கள் குறைவு என்ற ஏக்கத்துக்கு அவர் தேடிய மருந்து, கற்றவர்களின் உள்ளே இருக்கும் பசியைத் தட்டியெழுப்புவதாகவே இருந்தது.

1547-இல் இக்கடற்கரைக்கு வந்த அன்றிக் அடிகளார் என்னும் என்றீக்கே என்றீக்கஸ், யூத மரபில் வந்தவர் என்பதால் வேறொரு துறவற சபையிலிருந்து விலக்கப்பட்டவர். இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. தமிழை ஆழக் கற்று 1600-இல் இறக்கும்வரை இங்கேயே பணியாற்றிய அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. 1586-இல் அவர் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல், ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ என்ற பெயராலேயே அறியப்படும் புனிதர் வரலாற்றுத் தொகுப்பாகும். லொயோலாவின் நோய்ப்படுக்கையில் ஒரு படைவீரரின் பசியாற்றிய அதே வகை நூல், 65 ஆண்டுகளுக்குப் பின் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காகத் தமிழில் அச்சானது. வாசிப்பே தம் நிறுவுநரின் வாழ்வைத் திருப்பியது என்பதை அறிந்த ஒரு சபையின் துறவி, வாசிப்பை இம்மக்களின் மொழியில் தரவேண்டும் என்று உழைத்ததில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது. பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் உபதேசியார்களுக்கென்றே வீரமாமுனிவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’, பிறருக்கு உணவூட்டுவோர் முதலில் தாங்கள் உண்ணவேண்டும் என்ற அதே மரபின் தமிழ்த் தொடர்ச்சியாகும்.

எல்லாருக்கும் உரிய முறை

பயிற்சிகளின் 19-ஆம் முன்குறிப்பு, பொதுப்பணியிலோ தொழிலிலோ ஈடுபட்டிருப்பவர் அவற்றை விட்டு விலகாமல், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அதே பயிற்சியைச் செய்யலாம் என்று வழிகாட்டுகிறது. இன்று கத்தோலிக்கரோடு பிற சபைக் கிறிஸ்தவர்களும் இவ்வழியைப் பின்பற்றுகிறார்கள். இதன் உள்ளடக்கம் தெளிவானது: குடும்பத்தை நடத்துபவர், வயலில் உழைப்பவர், மருத்துவமனையில் இரவுப்பணி செய்பவர் ஆகிய எல்லாருக்கும் அழைத்தல் உண்டு, அதை அறியும் வழியும் அவர்களுக்கு எட்டுவதே. ஒவ்வொரு நாளின் இறுதியிலும் நன்றி கூறி, அருள் வேண்டி, நாளின் நிகழ்வுகளைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, திருந்த உறுதிகொள்ளும் ஆன்மச் சோதனை என்னும் சிறு பயிற்சியே இதன் அன்றாட வடிவம்.

இந்த மரபின் ஒளியில் பார்க்கும்போது, இக்காலக் கிறிஸ்தவ வாழ்வின் இரு குறைகள் தெளிவாகப் புலப்படுகின்றன. உணர்ச்சி பொங்கும் ஒரு கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்துக்கு ஆறுதலைத் தேடிச் செல்பவர், அந்த ஆறுதல் தம்மை யாரிடம் அனுப்புகிறது என்று கேட்காவிட்டால், உண்டும் வலிமை பெறாதவராகவே இருப்பார். மறுபுறம், ஊழியத்தில் ஓய்வின்றி ஓடி, உள்ளூரச் சுவைப்பதற்கு நேரமே ஒதுக்காதவர், நாளடைவில் இறைவனின் பணியைத் தம் சொந்தப் பணியாக மாற்றிக்கொள்கிறார். தம் விருப்பத்துக்கு அழைத்தல் என்று பெயரிடும் சோதனை அவருக்கே மிகுதி. முன்னவர் தம் ஆறுதல் எங்கே கொண்டுசெல்கிறது என்று கேட்கவேண்டும். பின்னவர் தம் பணி எதிலிருந்து வலிமை பெறுகிறது என்று கேட்கவேண்டும். திருச்சபைகள் தம் இளைஞர்களிடம் அழைத்தலைப் பற்றிப் பேசும்போது, எந்த நிலையைத் தேர்ந்துகொள்ளப்போகிறாய் என்று வினவுவதற்கு முன், உன்னை உண்மையில் எது வாழவைக்கிறது, அது நீங்கிய பின்னும் உன்னில் எஞ்சி நிற்பது என்ன என்று வினவக் கற்றுக்கொள்ளவேண்டும். விடைக்காகக் காத்திருக்கும் பொறுமையும், விடை தாங்கள் விரும்பியதாக இல்லாதபோது அதை மதிக்கும் நேர்மையும் அவற்றுக்கு வேண்டும். இஞ்ஞாசியார் விட்டுச்சென்ற முறை கேட்பது இவ்வளவே. ஆனால் இதைச் செய்யும் குடும்பமும் பங்கும் சபையும் ஆன்ம உணவையும் இறையழைத்தலையும் மீண்டும் ஒரே மேசையில் வைக்கும்.